ஐயாவுக்கு ரெண்டு மாலை

"மூத்தவன் நான் ஒருத்தன் இருக்கேன். அவன் மொதல்ல மாலை போடுறதா? மாலையத் தொட்டான்னா கைய ஒடிச்சிருவேன்னு போய்ச் சொல்லு லா!"

பெரிய முதலாளி பழனியப்பன் இப்படிச் சொன்னதும் லியோனார்ட் "சரிங்க" என்று புறப்பட்டான். முன்பக்கத்து ஆபீசைத் தாண்டி, பாட்டில் கழுவும் கொட்டகையைத் தாண்டி, பின்பக்கம் மாட்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனான். அங்கே சின்ன முதலாளி உடையப்பன் ஒரு வண்டிச் சக்கரத்துக்கு மை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்ன முதலாளி, பெரியவரு ஒரு சேதி சொல்லச் சொன்னாரு."

"சொல்லு."

"நீங்க மாலையத் தொட்டா கைய ஒடிச்சிருவாராம்."

மை போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரன் பிச்சைமுத்து அப்படியே நிமிர்ந்து பார்த்தான். உடையப்பனின் முகம் கறுத்துவிட்டது.

"எங்கண்ணனா? எங்கண்ணனா அப்படிச் சொன்னாரு?"

"அப்படியேதாங்க சொன்னாரு. நான் ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை கொறைக்கல."

நல்ல பிள்ளை லியோனார்ட். வாங்கின சேதியைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நேர்மை என்று நினைத்தான். அந்த வாரம் முழுக்க நடந்த கூத்துக்கு அந்த நேர்மைதான் காரணம்.

பழனியப்பன் பிரதர்ஸ் சோடா கம்பெனி மலாயாவில், ஈப்போ பாசார் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் சோடா அடைப்பார். தம்பி அதை வண்டியில் ஏற்றி ஈயம் தோண்டும் லம்பங்களுக்கும் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டத்துக் கடைகளுக்கும் அனுப்புவார். இருவரும் நேருக்கு நேர் பேசி இருபது வருடம் ஆகியிருந்தது. அண்ணன் முன்வாசலில் வருவார், தம்பி பின்வாசலில் வருவார். தீபாவளிக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும் இடம் மாறும், ஆனால் அதுவும் ஐயாவு கை வழியாகத்தான்.

ஐயாவு அந்தக் கம்பெனியின் ஆள் கிராணி, ஆட்களைக் கவனிக்கும் குமாஸ்தா. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது, கப்பலில் வந்து இறங்கியவனுக்குத் தங்க இடம் பார்ப்பது, குடித்துவிட்டு வந்தவனை முதலாளிகள் கண்ணில் படாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் தூங்கவைப்பது எல்லாம் அவர் வேலை. அண்ணன் தம்பிக்கு நடுவே சேதி கொண்டுபோவதும் அவர்தான். கம்பெனியில் அன்றைக்கு இருந்த அத்தனை பேரையும் வேலைக்கு எடுத்தது அவர் கை. லியோனார்ட் பழைய வேலை போய், கிழிந்த சப்பாத்தோடு வாசலில் வந்து நின்றபோது, ஐயாவு அவனுடைய சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றதும் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, "நாளைக்கு வா" என்றார். அந்த நன்றி லியோனார்டுக்கு நெஞ்சு நிறைய இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, தன் பழைய கிராணிக்குப் பேண்டு வாத்தியத்தோடு விருந்து வைத்துப் போட்டோ எடுத்து மாட்டினார். அதைப் பார்த்த பழனியப்பனுக்கு, நம் ஐயாவுக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது. அதே வாரம் உடையப்பனுக்கும் அதே எண்ணம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் விழா என்று முடிவாயிற்று. ஐயாவுக்குத் தெரியக்கூடாது என்பதால், சேதி கொண்டுபோகும் வேலை மட்டும் இரண்டாவது கிராணியான லியோனார்ட் தலையில் விழுந்தது.

"கைய ஒடிப்பாராமா?" என்று உடையப்பன் மீசையைத் துடைத்துக்கொண்டார். "சோடா குடிக்கணும்னா கோலியத் தட்டிவிட ஆள் தேடுற மனுசன், என் கைய ஒடிப்பாராமான்னு கேளு."

லியோனார்ட் போய்க் கேட்டான்.

பழனியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என் தம்பியா இப்படிப் பேசுனான்? ஐயாவு வந்து சொல்றப்ப எல்லாம், 'அண்ணன் சொன்னாச் சரிதான்'னு மரியாதையாத்தானே சேதி வரும்! இப்ப என்ன வந்துச்சு அவனுக்கு?"

லியோனார்டுக்கு வேர்த்தது. எப்படியாவது சமாதானம் பண்ணிவிட வேண்டும் என்று, "ரெண்டு மாலை வாங்கிடலாங்க, ஆளுக்கு ஒண்ணு" என்றான்.

இரண்டு மாலை என்றால் யார் முதலில் போடுவது? முதலில் விழுவது உள்ளே போய்விடும், மேலே விழுவதுதான் போட்டோவில் தெரியும் என்று உடையப்பன் கண்டுபிடித்தார். உடனே இருவருமே இரண்டாவதாகப் போட ஆசைப்பட்டார்கள்.

"ஒரே நேரத்துல போடுங்க, ஐயாவுக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு" என்றான் லியோனார்ட்.

"வலது பக்கம் யாரு?" என்று அண்ணனும் கேட்டார், தம்பியும் கேட்டார்.

இங்கேதான் லியோனார்ட் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டான். ஐயாவுக்கு வலது பக்கம் அண்ணன். போட்டோவைப் பார்க்கிறவர்களுக்கு வலது பக்கம் தம்பி. ஆகவே இருவரிடமும் "நீங்கதாங்க வலது பக்கம்" என்று சொன்னான். பொய்யும் இல்லை. இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் காலையில் தம்பி கொட்டகைக்கு வந்து தான் நிற்கப்போகும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் வந்து பார்த்தார். தனக்கு விட்டிருப்பது எந்தப் பக்கம் என்று போட்டோக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார். போட்டோக்காரன் பாவம், "போட்டோல பாத்தா நீங்க இடது பக்கம், தவுக்கே" என்று உள்ளதைச் சொன்னான்.

மத்தியானத்துக்குள் கம்பெனி இரண்டாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை காலையில பிரிச்சிரலாம்னு சொல்லு" என்றார் உடையப்பன். "வண்டியும் மாடும் எனக்கு. மிஷினும் பாட்டிலும் அவருக்கு. விழா மட்டும் நடக்கட்டும், ஐயாவுக்காக."

"நல்லதாப் போச்சு. மாட்டோட மாடா இருந்துக்கட்டும்னு சொல்லு" என்றார் பழனியப்பன்.

லியோனார்ட் இதையும் போய்ச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தான். வண்டி இல்லாத சோடாவை யார் வாங்குவார்கள்? சோடா இல்லாத வண்டிக்கு என்ன வேலை? இரண்டு பக்கமும் ஒரு மாதம் தாங்காது. முன்பக்கத்து ஆட்களும் பின்பக்கத்து ஆட்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அவன் மனைவி பியாட்ரிஸுக்கு ஏழாவது மாதம். ஐயாவு இருபது வருடமாகக் கட்டிக் காத்த கம்பெனியை, அவருக்கு விழா எடுக்கிறேன் என்று கிளம்பி இவன் நாலு நாளில் உடைத்துவிட்டான்.

பாட்டில்கள் ஏற்றாமல் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு ஐயாவு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லெனாட்டு தம்பி, தரையில என்ன லா வட்டம்?"

"அது... மாடு கட்டுறதுக்கு அண்ணே."

"கொட்டகைக்குள்ளயா?"

லியோனார்டால் அதற்கு மேல் முடியவில்லை. விழா, மாலை, போட்டோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஐயாவு சிரிப்பார், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தான். அவரோ வெளுத்துப்போய் ஒரு சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா? பக்கத்துல பக்கத்துலயா?"

"ஆமாண்ணே."

"பேசுவாங்களா?"

"பேச வைக்கணும்னுதான் அண்ணே பாக்குறேன்."

"வேணாம் தம்பி. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? வேணாம் லா."

பெரிய மனிதர், ஆடம்பரம் பிடிக்காது என்று லியோனார்ட் நினைத்துக்கொண்டான். ஐயாவு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"சனிக்கிழமை நான் லீவு. சிலிம் ரிவர்ல ஒரு கல்யாணம்."

"யாரண்ணே லீவு குடுத்தா?"

"நான்தான். கேட்டதும் நான்தான், குடுத்ததும் நான்தான்."

விழா நாயகனே இல்லாமல் விழாவா? லியோனார்ட் ஐயாவு வீட்டுக்கு ஓடினான். ஐயாவு மனைவி மங்களம் வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாத அம்மாள். அவள் பேசினால் பக்கத்து வீட்டுக் கோழி எழுந்து போகும்.

"அக்கா, சனிக்கிழமை அண்ணனை எப்படியாவது கூட்டிட்டு வாங்க. சிலிம் ரிவர் கல்யாணத்துக்குப் போறேங்குறாரு."

"அங்க நமக்கு யாருப்பா இருக்கா?" என்றாள் மங்களம். "நீ போ. கைய புடிச்சு இழுத்துட்டு வாரேன்."

அன்று சாயங்காலம் பியாட்ரிஸ் சோறு போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"ஏங்க, ஐயாவு அண்ணன் என்ன, சொன்னத அப்படியேவா கொண்டுபோய்ச் சொல்லியிருப்பாரு?"

"பின்னே?"

"'ஒடிப்பேன்'னா 'அண்ணன் கொஞ்சம் கோவமா இருக்காரு'ம்பாரு. 'கெழவன்'னா 'அண்ணன் ஒடம்பப் பாத்துக்கணும்'பாரு. அவரு சேதிய வேக வெச்சுக் குடுத்தாரு. நீங்க பச்சையாவே கொண்டுபோய்க் கொட்டிட்டீங்க. இப்படியே போனா அவங்க ரெண்டு பேரும் உங்களத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பப் போறாங்க."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, லியோனார்ட் அவளையே பார்த்தான். இருபது வருடம் ஒரு மனிதர் இரண்டு பேருக்கு நடுவே நடந்து நடந்து, அவர்கள் வாயில் வராத நல்ல வார்த்தையை எல்லாம் தானே சொல்லி வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையலை ஆரம்பித்தான். புதுச் சமையல்காரன் இல்லையா, அளவு தெரியவில்லை.

"பெரிய முதலாளி, சின்னவரு ராவெல்லாம் தூங்கலையாம். 'அப்பாவுக்குப் பிறகு எனக்கு அப்பா எங்கண்ணன்தான். ரெண்டு மாலையையும் அவரே போடட்டும், நான் நின்னு பாக்குறேன்'னு சொல்லி அழுதாருங்க."

பழனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அழுதானா?" என்றார். "சின்ன வயசுலயும் அப்படித்தான், சீக்கிரம் அழுதுருவான்."

பின்பக்கம் போனான்.

"சின்ன முதலாளி, பெரியவரு சாப்பிடவே இல்லீங்க. 'மூத்தவன்னா விட்டுக்கொடுக்கணும். எந்தம்பி மாலை போடுறத நான் கண்ணாரப் பாக்கணும்'னு சொல்றாரு. கம்பெனியப் பிரிச்சா உசிர் தங்காதாம்."

உடையப்பன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பிச்சைமுத்து தலையைத் திருப்பிக்கொண்டான். லியோனார்ட், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையைக் கழுவித் தோரணம் கட்டியிருந்தார்கள். முன்பக்கத்து ஆட்களும் பின்பக்கத்து ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். மங்களம் சொன்னபடியே புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஐயாவு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை வாங்க வந்தவர் மாதிரி இல்லை, பல் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தார்.

முன்வாசலில் அண்ணன் ஒரு மாலையோடு வந்தார். பின்வாசலில் தம்பி ஒரு மாலையோடு வந்தார். இருவரும் ஐயாவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்கள்.

பழனியப்பன் லியோனார்டைப் பார்த்து, "தம்பியப் போடச் சொல்லு" என்றார்.

உடையப்பனும் லியோனார்டைப் பார்த்தார். "இல்ல, அண்ணனே போடட்டும்னு சொல்லு."

"அவன்தான் போடணும்னு சொல்லு."

"அவரு இருக்கும்போது நான் எப்படிப் போடுறதுன்னு கேளு."

லியோனார்டுக்கு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்தது. அதுவரை யார் முதலில் என்று சண்டை. இப்போது யாருமே போடமாட்டேன் என்று சண்டை. கடைசியில் பொறுக்க முடியாமல் பழனியப்பன்தான் வாய் திறந்தார்.

"போடுடா தம்பி."

உடையப்பன் அண்ணனை நேராகப் பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

அவ்வளவுதான். மாலைகள் இரண்டும் ஐயாவுவின் மடியில் விழ, அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பாட்டில் கழுவும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிச்சைமுத்து சத்தமாகவே அழுதான். லியோனார்டும் அழுதான், அவனுக்கு இது நிம்மதியால் வந்த அழுகை. ஐயாவு மட்டும்தான் அழவில்லை. மெல்ல எழுந்து வாசல் பக்கம் நகரப் பார்த்தவரை மங்களம் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

அண்ணனும் தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று மாலை போட்டார்கள். எந்தப் பக்கம் வலது என்று யாரும் கேட்கவில்லை. போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். பழனியப்பன் தம்பியின் தோளில் கைபோட்டபடியே பேச ஆரம்பித்தார்.

"எனக்குப் பெருசாப் பேசத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஐயாவு இல்லாட்டி இந்தக் கம்பெனி இல்ல. இத்தனை வருசத்துல எந்தம்பி செஞ்ச காரியத்துலயே பெரிய காரியம், இந்த மனுசனைக் கண்டுபுடிச்சு வேலைக்கு வச்சதுதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். உடையப்பன் சிரித்தார்.

"என்னண்ணே, அந்தப் பெருமைய எனக்குக் குடுக்குறீங்க? நீங்கதானே இவர வச்சீங்க."

"நானா?"

"பின்னே நானா?"

கைதட்டல் ஓய்ந்தது. இருவரும் திரும்பி ஐயாவுவைப் பார்த்தார்கள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பிச்சைமுத்து பக்கத்திலிருந்தவன் காதில், "அவர யாருமே வேலைக்கு வைக்கலன்னா, அவரு வச்ச நாம எல்லாம் யாரு லா?" என்று கேட்டான்.

"ஐயாவு, யாருய்யா உன்னை வேலைக்கு வச்சது?" என்றார் பழனியப்பன்.

ஐயாவு இரண்டு மாலைக்கு நடுவிலிருந்து பேசினார்.

"மொத மாசம்... நீங்கதாங்க கூப்புட்டு சம்பளம்னு குடுத்தீங்க. வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு வாங்கிக்கிட்டேன்."

"வேலைக்கு வைக்காத ஆளுக்கு நீங்க எதுக்குண்ணே சம்பளம் குடுத்தீங்க?" என்றார் உடையப்பன்.

"நீ வச்ச ஆளுன்னு நெனச்சுடா!"

"என்னக் கேட்டிருக்கலாமே?"

"உன்கிட்ட எப்படிடா கேக்குறது? நீதான் பேசமாட்டியே!"

"நான் பேசலையா? பேச்ச நிறுத்துனது யாரு?"

"யாருடா நிறுத்துனது? அன்னைக்கு என் சட்டையப் புடிச்சது யாரு?"

"மொதல்ல கைய ஓங்குனது நீங்க!"

பழனியப்பன் தோளிலிருந்த கையை எடுத்துத் தம்பியின் சட்டையைப் பிடித்தார். தம்பி அண்ணனின் துண்டைப் பிடித்தார். முன்பக்கத்து ஆட்கள் எழுந்தார்கள். பின்பக்கத்து ஆட்களும் எழுந்தார்கள். லியோனார்ட் கண்ணை மூடிக்கொண்டான். வேலை, கம்பெனி, பியாட்ரிஸ், பிறக்கப்போகும் பிள்ளை எல்லாம் ஒரே நேரத்தில் அவன் மனதில் வந்து போயின.

அவன் கண்ணைத் திறந்தபோது ஐயாவு நாற்காலியில் இல்லை. மாலை கசங்க, வேட்டி அவிழ, அண்ணன் மார்பில் ஒரு கையும் தம்பி மார்பில் ஒரு கையும் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவே நின்று, "பெரியவரே விடுங்க, சின்னவரே நீங்க விடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மங்களம் எழுந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கொட்டகைத் தகரம் அதிரச் சொன்னாள்:

"இருவது வருசத்துக்கு முந்தியும் இப்படித்தான் நின்னாரு! ரோட்டோட போன மனுசன், நீங்க ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டதப் பாத்து வெலக்கிவிடலாம்னு உள்ள வந்தாரு. இன்னும் வெலக்கி முடியல!"